நோன்பு திறக்க அரை மணித்தியாலம்

விமானம் ஓட்டிய இருபத்தொன்பது வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட இயந்திரம் தீப்பிடிக்கவில்லை. சக்கரம் வெளியே வர மறுக்கவில்லை. யாரும் என் விமானத்தைக் கடத்தவில்லை. விமானிப் பயிற்சி முடித்துவிட்டு என்னைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறார்கள். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்தும் ஒரு நல்ல கதை கிடைக்கவில்லையே என்ற கவலை அவர்களுக்கு. பால் சேர்க்காத பிளேன்டீயைக் கையில் கொடுத்து, “கதை இல்லை, வெட்கப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அது போதுமா?” என்று கேட்பேன். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்காக அதையே இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்லும்போது நான் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கிக்கொள்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். எழுதினால் அவள் வாசித்துத் திருத்துவாள்.

நான் ஓட்டத் தொடங்கிய சிறிய விமானங்களில் ஓட்டோபைலட் கிடையாது. ஏறினால் இறங்கும்வரை கைதான். காற்று தள்ளினால் கைக்குத் தெரியும், மூக்கு தாழ்ந்தால் முதுகுக்குத் தெரியும். பிறகு பெரிய ஜெட்டுக்கு வந்தேன். அதில் ஏறிச் சில நூறு அடி போனதும் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் தன் பாட்டில் போகும். ஓடுபாதை கண்ணுக்கு எதிரே பெரிதாகத் தெரியும்போது அதை விடுவித்துவிட்டுக் கையால் இறக்குவேன். ஒரு பயணத்துக்கு என் கை வேலை செய்தது மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. கம்பனியும் அதைத்தான் விரும்பியது. எண்ணெய் மிச்சம், பயணிகளுக்குக் குலுக்கல் இல்லை, யாருக்கும் களைப்பும் இல்லை. இதில் பிழை சொல்ல எதுவும் இல்லை என்றுதான் நானும் வருடக்கணக்காக நினைத்திருந்தேன்.

அந்த வருட நோன்பு மாதத்தில் நான்கு நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். என் காக்கா, அதாவது அண்ணன், கரைவலைக்காரர். விடிந்தால் மணலில் நின்று வலைக்கயிறு இழுப்பவர். ஒரு நாள் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு எல்லாரும் அவர் வீட்டில் கூடியிருந்தோம். பேச்சு யார் எத்தனை நோன்பு பிடித்தார்கள் என்று வந்தது. எங்கள் வீடுகளில் அது வருடாவருடம் நடக்கும் போட்டி. பறக்கிற நாட்களில் நான் விட்டுவிடுவேன், பயணக்காரனுக்கு அந்தச் சலுகை இருக்கிறது, பிறகு வேறு நாளில் பிடித்துக் கழாச் செய்துகொள்வேன் என்றேன்.

காக்கா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். “விடலாந்தான். ஆனா நீ என்ன, பிளேன தோள்ல போட்டுத் தள்ளிக்கிட்டா போறாய்? மெசின்தானே ஓட்டுது. நீ ஏசிக்குள்ள சும்மா குந்தி இரிக்காய். நான் வெயில்ல வலை இழுத்துப்போட்டு முப்பதும் புடிக்கன் தம்பி!”

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் சுட்டது. அவர் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் மெசின்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பனியில் ஒரு விதி இருந்தது: பறக்கும் நாளில் விமானி நோன்பு பிடிக்கக்கூடாது. நோன்பு தொடங்குமுன் ஒரு தாளில் கையொப்பம் வாங்குவார்கள். நான் கையொப்பம் வைத்திருந்தேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதும், அந்தக் கையொப்பத்தோடேயே நோன்பும் பிடிக்கத் தொடங்கினேன். நாற்பத்தெட்டு வயது, தலையில் நரை, தோளில் கெப்டனுக்குரிய நான்கு பட்டி. காக்கா ஒரு பகிடி விட்டதற்காக இதைச் செய்தேன் என்று எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

மூன்று பயணம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது, வளைகுடாவிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் பகல் பயணம். பெருநாளுக்கு வீடு வரும் ஆட்களால் விமானம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் எங்கள் கிழக்குக் கரைப்பக்கம். மருதமுனை, கல்முனை, உள்ளே இறக்காமம் வரை. மேலே பெட்டி வைக்கும் இடமெல்லாம் பெருநாள் உடுப்பும் போர்வையும். கிழக்கு நோக்கிப் பறந்தால் பொழுது சீக்கிரம் படும், நோன்பு திறக்கும் நேரம் கிட்ட வரும் என்று எனக்குள் ஒரு குட்டிச் சந்தோசம் வேறு.

எனக்குப் பக்கத்து ஆசனத்தில் துணை விமானி ஜெரூஷா. கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தி இந்த ஆசனத்தில் இருக்கிறாளே என்று எனக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமையைச் செயலில் காட்டியதில்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் எல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

அன்றும் புறப்படுமுன் கேட்டாள். “சேர், கொழும்புக்குப் போகக்குள்ள நான் இறக்கட்டா? மேலயிருந்தே கையால?”

“தேவையில்லாத வேலை புள்ள. மெசின் உன்னவிட நல்லா ஓட்டும்” என்றேன். காக்காவின் வார்த்தையைத்தான் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் புறப்படுமுன் சரிபார்க்கும் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினாள். இன்றைக்கு நானே இறக்குகிறேன் என்றும் சொல்லிவைத்தேன்.

நான் அவளை மறித்ததற்குப் பாதுகாப்புக் காரணம் எதுவும் இல்லை. அவள் கையால் ஓட்டி எங்காவது தடுமாறினால் நான் வாங்கித் திருத்த வேண்டும். அது என்னால் முடியுமா என்ற சந்தேகம் எனக்குள் எங்கோ இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

நடுவழியில் சாப்பாடு வந்தது. தொடாமல் திருப்பி அனுப்பினேன். தேநீர் வந்தது, அதையும் வேண்டாம் என்றேன்.

“சேர் நோன்பா?” என்று ஜெரூஷா கேட்டாள்.

“இல்ல. பசியில்ல.”

நோன்போடு நான் சொன்ன பொய். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தன் தேநீரைக் குடித்தாள்.

கொழும்புக்கு மேற்கே கடலுக்கு மேல் இறங்கத் தொடங்கினோம். அந்த மாதத்துப் பின்னேர மழை மேகங்கள் வழக்கம்போல் குவிந்திருந்தன. ரேடாரில் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி வந்தும் ஒரு மேகத்தின் ஓரத்துக்குள் போக வேண்டியதாயிற்று. கண்ணாடியில் ஆலங்கட்டி அடித்தது. அதோடு மணி அடித்தது. ஓட்டோபைலட் விட்டுவிட்டது.

நடந்ததை எளிதாகச் சொல்கிறேன். வேகத்தை அளக்கும் குழாய்களுக்குள் பனி அடைத்துவிட்டது. ஒரு கருவி ஒரு வேகம் காட்டியது, மற்றது வேறு வேகம் காட்டியது. யாரை நம்புவது என்று கணினிக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் அது மனிதனிடம் கொடுத்துவிடும். நூற்று அறுபது பேரோடு விமானம் என் கையில் இருந்தது. வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த கை அது.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது உங்கள் எல்லாருக்கும் பாடம். வேகத்தைப் பார்க்காதே, மூக்கைத் தெரிந்த கோணத்தில் வை, இயந்திர வலுவைத் தெரிந்த அளவில் வை, பொறுத்திரு. எனக்கும் பாடம்தான், பரீட்சையில் முழுப்புள்ளி வாங்கியவன். ஆனால் என் பக்கத்து முள் வேகம் குறைகிறது, குறைகிறது என்று காட்டியது. என் கை அதை நம்பி மூக்கைக் கீழே தள்ளியது. வேகம் கூடுகிற இரைச்சல் காதில் விழுந்தது. மேலே இழுத்தேன், அதிகமாக இழுத்துவிட்டேன். மறுபடி கீழே. சைக்கிள் பழகுபவன் ஹேண்டிலை ஆட்டுவதுபோல் நூற்று அறுபது பேரை ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் கத்துவது கதவையும் தாண்டிக் கேட்டது.

ஜெரூஷா அந்தப் பாடத்தையே முறைப்படி ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னாள். காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. மூன்றாவது தடவை அவள் ஊர்ப் பேச்சில் சத்தமாகச் சொன்னாள்:

“சேர், அத நம்பாதீங்க! மூக்க மட்டும் புடிங்க!”

விமானி அறையில் வேலை நேரத்தில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். அவள் விதியை மீறினாள். நல்ல காலம், அதற்குத்தான் என் கை நின்றது. கோணத்தைப் பார்த்தேன். பிடித்தேன். சில நொடிகளில் ஆட்டம் அடங்கியது. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, அந்தக் கையை எனக்கே நம்ப முடியவில்லை.

அப்போது நான் செய்த ஒன்றைத்தான் அந்தப் பின்னேரத்தில் உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்லி விமானத்தை அவளிடம் கொடுத்தேன்.

“ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றாள். அவள் கையில் அது அசையாமல் நின்றது.

மேகத்தை விட்டு வெளியே வந்தோம். பனி உருகி வேகமானிகள் ஒரே கணக்கைக் காட்டத் தொடங்கின. ஆனால் ஓட்டோபைலட் திரும்பி வரவில்லை. எத்தனை தரம் அழுத்தினாலும் வரவில்லை. எண்ணெய் இருந்தது. கட்டுப்பாட்டறையிடம் கேட்டு, மழை இல்லாத கடல் பக்கம் சுற்றிக்கொண்டிருக்க அனுமதி வாங்கினேன். அவசரப்பட்டு இறங்கப் போகாமல் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது சரி என்று இன்றும் சொல்வேன்.

நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்துவிட்டுக் கடைசி அரை மணியில் விடுவது எப்படி இருக்கும் என்று நோன்பு பிடிப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன்.

“ஜெரூஷா, நான் நோன்பு” என்றேன்.

“தெரியும் சேர்” என்றாள், கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல். “தண்ணியக் குடிங்க.”

அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் குடித்தேன். இனிப்புத் தேநீர் கேட்டு வாங்கி அதையும் குடித்தேன். அழுகை வந்தது. அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

இனி யார் இறக்குவது? சிக்கல் வந்தால் கெப்டன்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தேநீர் உள்ளே போனதும் தலை தெளிந்தது. உடனே பெருமையும் எழும்பி உட்கார்ந்துகொண்டது. நான்கு பட்டி போட்டவன் நான், பின்னால் இருப்பது என் ஊர் ஆட்கள், திருப்பி வாங்கு என்றது. வாய்வரை வந்துவிட்டது. வாங்குமுன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“ஒரு உதவியும் இல்லாம, முழுக்கக் கையால இறக்குவியா?”

“ஓம் சேர். மற்றக் கெப்டன்மாரோட போன மாசமும் நாலு தரம் அப்பிடித்தான் இறக்கின. உங்களோடதான் ஒருக்காவும் இல்ல.”

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். திருப்பி வாங்கப் பயமாக இருந்தது; விமானத்தை அவளிடமே விட்டுவிட்டு நான் ரேடியோவையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டேன். வேகத்தை, உயரத்தை, காற்றை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஈர ஓடுபாதை, பக்கவாட்டில் காற்று. கொஞ்சம் அழுத்தமாகத்தான் தொட்டது. பின்னால் கைதட்டினார்கள்.

கதவடியில் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது இறக்காமத்து மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்லாஹ்தான் உங்கட கையால எங்களக் காப்பாத்தின சேர். ஊருக்குப் போய்ச் செல்லுவன்.”

“என்ட கை இல்ல” என்றேன். “இந்தப் புள்ளதான் இறக்கின. கல்முனைப் புள்ள. ஊருக்குப் போய் அதச் செல்லுங்க.” அவர் ஜெரூஷாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். “நோன்பு எண்டு முதலே தெரிஞ்சா, ஏன் ஒண்டும் செல்லல்ல?”

“நீங்க இல்ல எண்டு சொன்னீங்களே சேர். கெப்டனப் பொய் சொல்றீங்க எண்டு எப்பிடிச் சொல்ற?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சொல்லியிருக்கோணும். அது என்ட பிழை” என்றாள். பிறகு, “கேட்டாங்க எண்டா நான் மறைக்க மாட்டன் சேர்” என்றாள்.

“நீ மறைக்க வேண்டி வராது” என்றேன். துணை விமானியாக வலது ஆசனத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளே, அவள் தன் பிழை என்று சொன்னாளே, அதை இரண்டு தரம் வாசியுங்கள். கெப்டனாகி இடது ஆசனத்துக்கு வந்த பிறகு என் பிழையை வாசிக்கலாம்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். நோன்பு, கையொப்பம், பொய், ஆட்டம், எல்லாம். பறப்பதிலிருந்து நிறுத்தினார்கள். தலைமை விமானி இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார். சிங்களவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நல்ல மனிதர். என் அறிக்கையும் விமானத்தின் கணினியிலிருந்து எடுத்த பதிவும் அவர் மேசையில் இருந்தன. விசாரணைத் தாளில் காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் நோன்பு என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது இதுதான்: “உடலில் நீர் இல்லை, சர்க்கரை இல்லை, கை தடுமாறியது. விதி மீறல்தான், ஆனால் மார்க்கப் பற்றால் நடந்தது. முதல் தடவை. ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள். உங்கள் ஓட்டத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.”

என் வேலை எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தது. மூன்று பிள்ளைகளும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஆனால் என் கண் அந்தக் கட்டத்திலேயே நின்றது. நோன்பு என்று அங்கே மையால் எழுதப்பட்டால் அது என்னோடு நிற்காது. அடுத்த நோன்பு மாதத்திலிருந்து ஒவ்வொரு முஸ்லிம் விமானியின் சாப்பாட்டுத் தட்டையும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். விதிப்படி நோன்பை விட்டுவிட்டு ஒழுங்காகப் பறக்கும் பிள்ளையும் தான் சாப்பிட்டதை நிரூபிக்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அது உண்மையும் இல்லை. தேநீர் குடித்துத் தலை தெளிந்த பிறகும் விமானத்தைத் திருப்பி வாங்க நான் பயந்தேன். அந்தப் பயத்துக்கும் பசிக்கும் தொடர்பு இல்லை.

“நோன்பு பிடித்தது என் குற்றம். அதற்குத் தண்டனை தாருங்கள்” என்றேன். “ஆனால் என் கை அதனால் போகவில்லை. எனக்குக் கையால் ஓட்ட மறந்துவிட்டது.”

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அப்படி எழுதினால் கெப்டன் பதவியே போகலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். சிமியுலேட்டரில் போட்டுப் பாருங்கள் என்றேன்.

அன்றிரவு காக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். “அல்லாஹ் தந்த சலுகைய நான் பகிடி பண்ணிட்டன் தம்பி” என்றார். பகிடி பண்ணினது நீங்கள், பிடித்தது நான்தானே என்றேன். அவருக்கு ஆறவில்லை. அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்த நாளில் எனக்குத் துணையாக அவரும் ஒன்று பிடித்தார்.

நான்கு மாதம் துணை விமானியின் ஆசனத்தில் இருந்துதான் திரும்பவும் என் ஆசனத்துக்கு வந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, வானம் தெளிந்த நாட்களில் ஒரு நாள் நான், ஒரு நாள் பக்கத்தில் இருப்பவர் என்று கையால்தான் இறக்கினோம். மெசினை நான் பகைக்கவில்லை. மூடுபனியில் அது என்னைவிட நன்றாகத்தான் இறக்கும். இதையெல்லாம் உங்களுக்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. சிமியுலேட்டரில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நோன்பு மாதம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. தலைமை விமானி எனக்குப் பின்னால் மடியில் அந்த விசாரணைத் தாளோடு உட்கார்ந்தார். விமானி அறையைப் போலவே செய்த அந்தப் பெட்டிக்குள் பயிற்சியாளர் அதே மேகத்தைப் போட்டார், அதே கோளாறைக் கொடுத்தார். மணி அடித்தது. முள் இறங்கியது. வரப்போகிறது என்று தெரிந்தும், ஒரு உயிரும் பின்னால் இல்லாதிருந்தும், என் கை மூக்கைக் கீழே தள்ளியது. பிறகு மேலே இழுத்தது. பிறகு கீழே. இம்முறை பக்கத்தில் ஜெரூஷா இல்லை. கடல் மேலே வந்து, திரை சிவந்து, பெட்டி நின்றது.

வெட்கத்தில் என் முதுகு நனைந்திருந்தது. தலைமை விமானி பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

“காலையில் சாப்பிட்டீர்களா?”

“நான்கு ரொட்டி, சம்பல், இரண்டு முட்டை, இரண்டு கோப்பை பிளேன்டீ” என்றேன்.

அவர் அழிறப்பரை எடுத்து அந்தக் கட்டத்துப் பென்சில் எழுத்தைத் துடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.